சின்ன ஆஸ்பத்திரிக்கு உரிய பங்கை எழுதிக் கேட்பது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். நாட்டின் சுகாதாரப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். மிட்வைஃப் ஒன்று சொல்வார், மருந்தாளர் ஒன்று சொல்வார், சிற்றூழியர் இன்னொன்று சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பேச்சு தேத்தண்ணி மேசையோடு நின்றுவிடுகிறது. பங்கீட்டைத் தீர்மானிப்பவர்களின் கைக்குப் போவது மாத அறிக்கையும் மதிப்பீட்டுப் படிவமும்தான். நாம் கண்ணால் காண்பதை அந்தத் தாள்களில் ஏற்றுவது எப்படி என்பதை, புதிதாக நியமனம் கிடைத்து இந்தப் பக்கம் வரும் தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு எங்களைப் போன்ற பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் வந்தன. மாகாணத்துக்கான பணம் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி ஒதுக்கப்படுகிறது. மருந்து வருவது வேறு வழி: கொழும்பில் உள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து பிராந்தியக் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு. அதனால் கூரை ஒழுகுவதையும் குளிசை இல்லாததையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டாம். அம்பாறை மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே அம்பாறைக்கும் கல்முனைக்கும் தனித்தனிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள். திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கல்முனையின் கீழ்தான்.

இனி முக்கியமான விடயம். அடுத்த வருடத்துக்கான மருந்து மதிப்பீடு பெரும்பாலும் போன வருடம் எவ்வளவு கொடுத்தோம் என்பதை வைத்துத்தான் போடப்படுகிறது. இதில்தான் சின்ன ஆஸ்பத்திரி அடிபடுகிறது. உதாரணத்துக்கு, சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் குளிசை மாதம் 6,000 தேவைப்படும் கிளினிக் ஒன்றில் மூன்று மாதம் கையிருப்பே இல்லை என்று வையுங்கள். அந்த வருடம் கொடுத்தது 54,000. அதை 12 ஆல் பிரித்தால் மாதத்துக்கு 4,500 என்று வரும். அப்படியே எழுதி அனுப்பினால், தட்டுப்பாட்டில் தவித்த சனத்துக்கு அடுத்த வருடமும் குறைவாகவே வரும். மருந்து கையில் இருந்த ஒன்பது மாதங்களால் மட்டும் பிரியுங்கள். 6,000 வரும். அதுதான் உண்மையான தேவை. மூன்று மாதம் இருப்பு இல்லை என்பதையும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்பதையும் பக்கத்தில் குறிப்பெழுதுங்கள். மருந்தாளரோடு கூட இருந்து இருப்புப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை.

அடுத்தது, ‘இல்லை’ கொப்பி. கொடுத்ததற்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் பதிவு இருக்கிறது, கொடுக்க முடியாமல் போனதற்குப் பதிவு இருப்பதில்லை. ஒரு சாதாரணக் கொப்பி போதும். திகதி, கிளினிக் இலக்கம், மருந்து, எத்தனை நாளுக்கு எழுதப்பட்டது, எத்தனை நாளுக்குக் கொடுத்தோம், எந்த ஊர். பெயர் வேண்டாம். கடைசியில் ஒரு நிரலை வெறுமையாக விட்டு, அடுத்த கிளினிக்கில் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “மிச்சத்துக்கு என்ன செஞ்ச நீங்க?” 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மாவடிமுன்மாரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பிரஷர் குளிசையை ஒன்றுவிட்ட நாள் போட்டு மாதத்தை ஓட்டினதாகச் சொன்னார். “வெளியில வாங்கக் காசில்ல மிஸ்ஸி, அதுதான் நான் பங்கு போட்டுக் குடிச்ச” என்றார். பிரஷர் அளந்து பார்த்தபோது அவரை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இப்படியானவை கொப்பியில் சேரச் சேர, தட்டுப்பாட்டால் யாருக்கு என்ன நடந்தது என்று மேலே இருப்பவர்களுக்குக் காட்டலாம்.

மூன்றாவது, வருகிறவர்களை மட்டும் எண்ணாதீர்கள். எங்கள் பகுதிச் சனம் மண்முனைப் பாலத்தாலும் வலையிறவுப் பாலத்தாலும் நகரத்துக்குப் போய் மருந்தெடுத்தால், அந்த எண்ணிக்கை அங்கேதான் சேரும். இங்கே நோயாளர் குறைவு என்று கணக்கு காட்டும், ஆளணியும் குறையும், ஆள் இல்லாததால் இன்னும் பேர் போவார்கள். ஆகவே கிராம சேவகர் பிரிவு வாரியாகச் சனத்தொகையை எடுத்துக்கொண்டு, அதில் 35 வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் எங்கள் கிளினிக்கில் பதிந்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள். இதற்கு மிட்வைஃபின் உதவி கட்டாயம் வேண்டும். சுமார் 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது பொதுவான அளவு. நகரத்தில் அந்த 3,000 பேர் நாலைந்து வீதிக்குள் இருப்பார்கள். இங்கே வயலும் குளமும் தாண்டிச் சிதறி இருக்கிறார்கள். தலைக்கணக்கோடு தூரத்தையும் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

போதனா வைத்தியசாலைக்குக் குறைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று எழுத வேண்டாம். அங்கே வேலை செய்யும் மிஸ்ஸிமாரும் ஓய்வில்லாமல்தான் நிற்கிறார்கள். எங்களிடம் நிறுத்தக்கூடிய சீனி, பிரஷர் நோயாளரை எங்களிடமே நிறுத்தினால் அவர்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். அதே குளிசைதான், நோயாளிக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். கடிதத்தில் இதை ஒரு வரியில் சொல்லுங்கள்.

மாரிக்கு முந்திய கோரிக்கையைத் தனியாகப் போடுங்கள். நவம்பரிலிருந்து சனவரி வரை வெள்ளம் எங்கள் வீதிகளை மறிக்கும். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி தண்ணிக்குள் போனால் அக்கரைச் சனத்துக்குப் படகுதான். ஒக்டோபருக்குள் மேலதிக இருப்பு வந்து சேர வேண்டும் என்று காரணத்தோடு கேளுங்கள். தொலைதூரக் கிளினிக் நோயாளருக்கு அந்த மாதங்களில் இரண்டு மாத மருந்து கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். ‘மருந்துத் தட்டுப்பாடு நிலவுகிறது’ என்று எழுதினால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். எந்த மருந்து, எந்த நாட்கள், எத்தனை பேர், எந்த ஊர்கள் என்று எழுதுங்கள். பொறுப்பு வைத்திய அதிகாரி ஊடாக அனுப்பி, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்குப் போகும். அப்போது எழுதிப் பிரயோசனமில்லை. வருட நடுப்பகுதிக்கு முன்பே உங்கள் தாள் பிராந்தியப் பணிமனையில் இருக்க வேண்டும். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் அதே கணக்கைக் கொடுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அவர்கள் எழும்பிக் கேட்கலாம். நாம் அரச ஊழியர், எங்கும் கண்டபடி பேச முடியாது. அவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பதிலே வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஊரில் யாராவது ஒருவர் விண்ணப்பம் போட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். “ஏன் தரவில்லை” என்று கேட்க வேண்டாம். பிராந்தியத்தில் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் அந்த மருந்து எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வழங்கப்பட்டது என்ற பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு தொகைக்கும் நேரே அந்தப் பகுதியின் சனத்தொகையை எழுதி, அடுத்த கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.