ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபீஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் இன்னும் சில கணக்கு அறைகளில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2003 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஜவ்வரிசி மில்லின் மூட்டைக் கணக்கும் ஏற்காட்டு எஸ்டேட்டின் மஸ்டரும் (ஆள் வருகைப் பதிவு) யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த மேக்ரோவில், அதாவது எக்ஸெல் கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரலில், நிற்கின்றன. ஆடிட்டர் அனுப்பும் கோப்பைத் திறக்கப் புதியதும் வேண்டும். அதனால் 2003, 2010 இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிறோம். முறையாகப் போட்டால் நன்றாகவே ஓடும். ஆனால் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள், அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தப்புகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். பேக்கப் எடு, கீயைத் தொலைக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

புதியதை முதலில் நிறுவுவது

பழையது முதலில், புதியது பிறகு. அவ்வளவுதான்.

64 பிட் ஆசை

2003-இல் 32 பிட் மட்டும்தான் உண்டு. கூடவே வைக்கும் 2010-உம் 32 பிட்டாகவே இருக்கட்டும்.

மேக்ரோ கோப்பை டபுள் கிளிக் செய்வது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். டபுள் கிளிக் செய்தால், பொதுவாகக் கடைசியாக நிறுவிய பதிப்பில்தான் கோப்பு திறக்கும். அதாவது 2010-இல். சேவ் செய்தால் எக்ஸ்எல்எஸ் கோப்பாகவேதான் இருக்கும், பெயரும் மாறாது. உள்ளே மட்டும் ஒன்று மாறிவிடும். அந்த மேக்ரோ வேர்டையும் கூப்பிடுவதாக இருந்தால், எந்த வேர்டைக் கூப்பிடுவது என்று காட்டும் ரெஃபரன்ஸ், வேர்டு 11.0 லைப்ரரி (2003) என்றிருந்தது 14.0 (2010) ஆகிவிடும். இரண்டும் உள்ள கம்ப்யூட்டரில் எந்தக் குறையும் தெரியாது. 2003 மட்டும் உள்ள இடத்துக்குப் போனதும் படுத்துவிடும்.

ஒரு காபி எஸ்டேட்டில் அப்படித்தான் ஆனது. கூலிச் சீட்டை வேர்டில் அச்சடிக்கும் மஸ்டர் அது. சேலம் அலுவலகத்தில் ஒரு பையன் திறந்து, ஒரு பெயரைத் திருத்தி, சேவ் செய்து பென்டிரைவில் மேலே அனுப்பிவிட்டான். சனிக்கிழமை, சம்பள நாள். பழம் பறித்துவிட்டு வந்தவர்கள் வாசலில் காத்திருக்க, திரையில் 'கான்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி' என்று நிற்கிறது. அது சுட்டிக் காட்டிய வரியில் வேர்டு என்ற பேச்சே இல்லை, வெறும் டேட்தான் இருந்தது. ரெஃபரன்ஸ் ஒன்று காணாமல் போனால் டேட், லெஃப்ட், ஃபார்மட் மாதிரி சாதாரண ஃபங்ஷன்கூட நின்றுவிடும். இது தெரியாமல் அங்கிருந்தவர் அந்த வரியைத் திருத்தித் திருத்தி மேக்ரோவையே குலைத்துவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தால், ஒரு டிக்கை எடுக்கும் வேலை. கூலி வாங்க அத்தனை பேரும் இருட்டும் வரை நின்றதுதான் எனக்கு ஆறவில்லை.

சரிசெய்வது இப்படி: ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்துங்கள், மேக்ரோ எடிட்டர் திறக்கும். முதலில் ரீசெட். மேக்ரோ பாதியில் நிற்கும்போது ரெஃபரன்சஸ் மங்கலாகத்தான் இருக்கும், திறக்காது. அப்புறம் டூல்ஸ், ரெஃபரன்சஸ் போய், 'மிஸ்ஸிங்' என்று தொடங்கும் வரியில் டிக்கை எடுத்துவிட்டு 11.0-ஐத் தேர்ந்து, அங்கேயே சேவ் செய்யுங்கள்.

வராமல் தடுப்பது அதைவிட நல்லது. ஸ்டார்ட் மெனுவில் எக்ஸெல் 2003-ஐத் திறந்து, அதற்குள்ளிருந்து ஓப்பன் கொடுங்கள். மேக்ரோவைத் தொடும் உரிமை இருந்தால் வேர்டு ரெஃபரன்ஸையே எடுத்துவிட்டு, மாறியை 'ஆஸ் ஆப்ஜெக்ட்' என்று அறிவித்து, கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் வேர்டைக் கூப்பிடுங்கள். டபிள்யூடி என்று தொடங்கும் மாறிலிகளுக்குப் பதில் எண் போட வேண்டும். பத்தியை நடுவில் நிறுத்த 1. கொஞ்சம் வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

புதிய ஃபங்ஷனைப் பழைய கோப்பில் எழுதுவது

இஃப்எர்ரர், சம்இஃப்ஸ் இரண்டும் 2007-இல் வந்தவை. 2003 அவற்றைக் கணக்கிடாது. வரிசைகளும் அப்படித்தான்: 2010-இல் 10,48,576, எக்ஸ்எல்எஸ்ஸில் 65,536. எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் கன்டினியூ அழுத்தினால் மிச்சம் போய்விடும்.

இரண்டு அவுட்லுக்

வேண்டாம். ஒன்றுதான் இருக்க முடியும்.

வேர்டு பதிப்பை மாற்றித் திறக்கும்போது வரும் கன்ஃபிகர் பெட்டியை கேன்சல் செய்வது

பதிப்பு மாறும்போதெல்லாம் அது வரும். முடியட்டும் என்று விடுங்கள்.

மெயிலில் வந்ததைப் பழையதில் திறப்பது

2003-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டது. 2010-க்கு 2020 அக்டோபர் 13-உடன். வெளியிலிருந்து வரும் கோப்புக்கு வேறு கம்ப்யூட்டரை வையுங்கள். மஸ்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் நெட் கேபிளைக் கழற்றிவிட்டாலும் கூலிச் சீட்டு அச்சாகும்.