ஜொகன்னஸ்பர்க் குளிரில் ஓடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜொகன்னஸ்பர்கிலும் அதன் புறநகரான லெனேஷியாவிலும் ஓடுபவர்களுக்குக் குளிரைவிடப் பெரிய தொல்லை புகை. இரவில் குளிர்ந்த காற்று தரையோடு தேங்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். நிலக்கரி அடுப்புப் புகை அதற்குள் சிக்கி, விடியற்காலையில் அடர்ந்திருக்கும். முடிந்தால் காலை 10 மணிக்குமேல் ஓடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் பிடிவாதமாகவே இருக்க வேண்டும்.

விடியலில்தான் நேரம் கிடைக்கிறதா? வீட்டுக்குள்ளேயே 8 நிமிடம் முழங்காலை உயர்த்தி நடந்து, குதிகாலைத் தூக்கி இறக்கி உடலைச் சூடாக்குங்கள். முதல் 2 கிலோமீட்டரில், கிலோமீட்டருக்கு 30 விநாடியாவது வழக்கத்தைவிட மெதுவாகப் போங்கள். சூடேறாத கெண்டைத் தசையை வேகமாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும்.

வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம். பருத்திப் பனியன் வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்து, நின்றதும் நடுங்க வைக்கும். மெல்லிய பாலியெஸ்டர் சட்டை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், கையுறை போதும். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வாருங்கள்.

ஜூன் கடைசியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7 மணி ஆகும். தலைவிளக்கும் ஒளிர்பட்டை மேலாடையும் அவசியம். இங்கே வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள்.

வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும், தாகமும் தெரியாது. கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வீடு திரும்பியதும் முதலில் ஈரச் சட்டையை மாற்றிவிட்டு, தசை நீட்டும் பயிற்சியை அப்புறம் செய்யுங்கள்.