வீடியோவுக்கு எத்தனை ஃபிரேம்? 25-இல் தொடங்குங்கள்

போன் வாங்கியபடியே 30 ஃபிரேமில், அதாவது வினாடிக்கு 30 படங்களாக, ஓடும். நண்பரிடம் இரவல் வாங்கிய கேமரா 24-இல் இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் தன் பாட்டுக்கு வேறொன்றை வைத்திருக்கும். மூன்றும் எடிட்டிங்கில் ஒரே டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டையில்) சேரும்போது படம் திக்கித் திக்கி ஓடும், சில சமயம் குரலும் உதடும் விலகிப்போகும். எடுத்து முடித்தபின் இதை முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. அதனால் கேமராவை ஆன் செய்வதற்கு முன்பே ஓர் எண்ணை முடிவு செய்துவிடுங்கள்.

படி 1: முடிவான எண் எது?

நம் ஊரில் ட்யூப்லைட் வெளிச்சத்தில், மண்டபத்தில், வீட்டுக்குள் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 25. தியேட்டரில் திரையிடும் குறும்படம் என்றால் 24. வெயிலில் போனில் மட்டும் எடுக்கும் ரீல்ஸுக்கு 30 போதும். போன் திரைகள் பொதுவாக வினாடிக்கு 60, 90 அல்லது 120 முறை புதுப்பிப்பவை, 30 அவற்றில் சீராக ஓடும். கேம், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போன்றவற்றுக்கு 60.

25-ஐ வற்புறுத்தக் காரணம் மின்சாரம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவும் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 100-ஐ 25 மீதியில்லாமல் வகுப்பதால் 25 இந்த வெளிச்சத்தோடு ஒத்துப்போகும். 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்கா, கனடாவில் இருந்து எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு: அங்கே 30, 60 தான் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும்.

படி 2: கேமராவில் 25 எங்கே?

மெனுவில் 24, 30, 60 மட்டும் தெரிந்தால் கேமரா என்.டி.எஸ்.சி. (NTSC, 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் டிவி முறை) முறையில் இருக்கிறது. பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் டிவி முறை) முறைக்கு மாற்றினால் 25, 50, 100 வரும். சில கேமராக்கள் இதற்காக மெமரி கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். பழைய காட்சிகளை முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். கோப்ரோவில் இதே அமைப்பின் பெயர் ஆன்டி ஃபிளிக்கர். 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ரெக்கார்ட் வீடியோ, அங்கே 'ஷோ பால் ஃபார்மேட்ஸ்'. அதே இடத்தில் ஆட்டோ எஃப்.பி.எஸ். இருந்தால் அணைத்துவிடுங்கள், வெளிச்சம் குறைந்தால் அது தானே ஃபிரேமைக் குறைத்துவிடும்.

இரண்டு மூன்று கேமரா வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே எண். 24 என்று மெனுவில் போட்டிருந்தாலும் பல கேமராக்கள் உண்மையில் எடுப்பது 23.976. இதையும் சரியான 24-ஐயும் ஒன்றென்று நினைத்துக் கலந்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகும்.

படி 3: ஷட்டர்

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதே ஷட்டர். அதன் எண் ஃபிரேம் ரேட்டைப்போல் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) இருமடங்கு என்பது பொது விதி: 25-க்கு 1/50 வினாடி. கை அசைவில் வரும் லேசான மங்கல் அப்போதுதான் இயல்பாக இருக்கும். 1/50 வினாடிக்குள் விளக்கு சரியாக இரண்டு முறை துடித்து முடிப்பதால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கிறது. 30 ஃபிரேமில் 1/60 வைத்துப் பாருங்கள்: ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவான துடிப்புதான் உள்ளே வரும். ஒரு ஃபிரேம் பிரகாசம், அடுத்தது மங்கல் என்று வினாடிக்கு 10 முறை சுவர் மினுங்கும், பட்டை பட்டையாக ஓடும். 30-இல்தான் எடுத்தாக வேண்டும் என்றால் ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100-க்கு மாற்றுங்கள். 24-க்கும் 1/48 வேண்டாம், 1/50.

வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினால் நடப்பவர்கள் வெட்டி வெட்டி நகர்வார்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/4 வைத்து 1/50-இலேயே எடுக்க வேண்டும் என்றால் உச்சி வெயிலுக்கு ஏறத்தாழ என்.டி.32 ஃபில்டர் (லென்ஸுக்கு முன் மாட்டி வெளிச்சத்தை 32-இல் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடி) தேவை.

படி 4: ஸ்லோ மோஷன்

25 டைம்லைனில் போடப்போகும் ஸ்லோ மோஷனை 50-இலோ 100-இலோ எடுங்கள். 50 என்றால் சரியாகப் பாதி வேகம், 100 என்றால் கால் வேகம். ஒரு ஃபிரேம்கூட வீணாகாது. மண்டபத்துக்குள் 120 வைப்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். 120-இல் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அதிகபட்ச நேரமே 1/120 வினாடி. விளக்கின் ஒரு துடிப்புக்கு 1/100 வேண்டும். ஷட்டரை எப்படித் திருப்பினாலும் முழுத் துடிப்பு உள்ளே வராது, மினுக்கம் நிச்சயம். 100 ஃபிரேமில் 1/100 வைத்தால் ஒரு துடிப்பு முழுசாக அடங்கிவிடும். அலங்கார சீரியல் லைட்டும் எல்.இ.டி. திரையும் தம் இஷ்டத்துக்குத் துடிப்பவை, அவற்றை ஐந்து வினாடி எடுத்து, போட்டுப் பார்த்துவிட்டு ஷட்டரை மாற்றுங்கள்.

படி 5: எடிட்டிங்

டாவின்சி ரிசால்வில் புது புராஜெக்ட் திறந்ததும், ஒரு கிளிப்பைக்கூட உள்ளே போடும் முன், புராஜெக்ட் செட்டிங்ஸில் மாஸ்டர் செட்டிங்ஸுக்குப் போய் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். கிளிப் ஏறிய பிறகு அந்த எண் பூட்டிக்கொள்ளும். பிரீமியரில் கிளிப்பை இழுத்துவிட்டு சீக்வென்ஸ் (அங்கே டைம்லைனுக்கு அதுதான் பெயர்) உருவாக்கினால் அது அந்தக் கிளிப்பின் எண்ணையே எடுத்துக்கொள்ளும், எனவே 25-இல் எடுத்த கிளிப்பையே முதலில் இழுங்கள்.

யாரோ போனில் எடுத்து அனுப்பிய 30 கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று கழன்றுவிடும். ஆள் உட்கார்ந்து பேசும் காட்சியில் பெரிதாகத் தெரியாது. கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் வினாடிக்கு ஐந்து உதறல் அப்பட்டமாகத் தெரியும். பேச்சும் பாட்டும் இல்லாத காட்சி என்றால் 83.33 சதவீத வேகத்தில் ஓடவிடுங்கள்; எல்லா ஃபிரேமும் மிஞ்சும், லேசாக மெதுவாகும், அவ்வளவுதான்.

போன் கிளிப்பில் ஒலி மட்டும் போகப்போக விலகுகிறதா? ஃபைலின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் திறந்து ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' (ஃபிரேம் எண் நிலையாக இல்லாமல் மாறுவது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரின் வீடியோ பக்கத்தில் எண்ணை 30 என்றும், கூடவே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்றும் வைத்து மாற்றி, புதிய ஃபைலை எடிட்டிங்குக்கு எடுங்கள்.

படி 6: எக்ஸ்போர்ட்

டைம்லைன் எண்ணே எக்ஸ்போர்ட் எண். கேப்கட் போன்ற ஆப்களில் இது பெரும்பாலும் 30-இல் நிற்கும், கையால் 25 ஆக்க வேண்டும். யூடியூப் 25-ஐ அப்படியே ஏற்கும். 60-க்கு ஏற்றி அனுப்புவதால் படம் வழவழப்பாகாது, ஃபைல்தான் பெருக்கும்.