டாட்நெட் 8, ஃபிரேம்வொர்க் 4.7.2 இரண்டுக்கும் ஒரே லைப்ரரி: நியூகெட் பதிப்புகளைச் சீராக்கும் முறை

ஒரே லைப்ரரியைப் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.7.2-க்கும் டாட்நெட் 8-க்கும் சேர்த்துக் கட்டும்போது, புராஜெக்ட் கோப்பு ஒன்றாக இருந்தாலும் டாட்நெட்டின் பேக்கேஜ் மேலாளரான நியூகெட், ஒவ்வோர் இலக்குக்கும், அதாவது கட்டப்படும் ஒவ்வொரு டாட்நெட் பதிப்புக்கும், எந்தப் பேக்கேஜ் எதைச் சார்ந்தது என்று காட்டும் தனிச் சார்பு மரத்தை வரைந்து பதிப்புகளைத் தனித்தனியாகவே தீர்மானிக்கிறது. ஆகவே, பிழை தோன்றியதும் அது எந்த இலக்குக்கு உரியது என்பதை முதலில் பாருங்கள். பேக்கேஜுகளை இறக்கிக்கொள்ளும் ரீஸ்டோர் முடிந்தபின் 'ஆப்ஜ்' கோப்புறையில் உருவாகும் 'புராஜெக்ட் அசெட்ஸ்' ஜேசான் கோப்பில் இரு மரங்களும் தனித்தனியே பதிவாகியிருக்கும்.

இலக்குகளை 'டார்கெட்ஃபிரேம்வொர்க்ஸ்' என்னும் பன்மைக் குறிச்சொல்லுக்குள் அரைப்புள்ளியால் பிரித்து எழுத வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பேக்கேஜுகளை ஒரு தொகுதியிலும், ஓர் இலக்குக்கு மட்டும் வேண்டியவற்றை நிபந்தனையிட்ட வேறொரு தொகுதியிலும் வையுங்கள். எடுத்துக்காட்டாக, சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசான் டாட்நெட் 8-உடன் சேர்ந்தே வருகிறது, 4.7.2-இல் அது இல்லாததால், அந்த இலக்குக்கு மட்டும் அதைப் பேக்கேஜாகச் சேர்த்தால் போதும்.

இரண்டு பேக்கேஜுகள் மூன்றாவது ஒன்றை, முதலாவது 1.0 அல்லது அதற்கு மேல் என்றும், மற்றது 2.0 அல்லது அதற்கு மேல் என்றும் கேட்டால், இரண்டையும் நிறைவு செய்யும் மிகக் குறைந்த பதிப்பான 2.0-ஐ நியூகெட் எடுக்கும். ஆனால் நீங்களே புராஜெக்ட் கோப்பில் 1.0 என்று நேரடியாக எழுதியிருந்தால் உங்கள் சொல்லே முந்தும். பதிப்பு கீழிறங்குகிறது என்ற நியூகெட் செய்தி, என்யு1605, அப்போது எழும். அதை அடக்கிவிடாதீர்கள். நேரடிக் குறிப்பை 2.0-க்கு உயர்த்துங்கள், அல்லது அந்த வரியையே நீக்கிவிடுங்கள். மற்றது 2.0 கேட்கும்போது ஒரு பேக்கேஜ் சரியாக 1.0 மட்டுமே வேண்டும் என்று பூட்டியிருந்தால், பதிப்புகள் மோதுகின்றன என்ற என்யு1107 பிழை வரும். அந்நிலையில் பூட்டிய பேக்கேஜின் புதிய வெளியீட்டைத் தேடுவதே நல்ல வழி என்பேன். நேரடிக் குறிப்பால் வேண்டிய பதிப்பைத் திணிக்கவும் முடியும். ஆனால் பூட்டியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்பதால், அதன்பின் சோதனைகளை இரு இலக்குகளிலும் ஓட்டாமல் விடக் கூடாது.

என்யு1701 எச்சரிக்கையையும் பலர் கடந்துபோகிறார்கள். டாட்நெட் 8-க்கு ஏற்ற கோப்பு இல்லாத பேக்கேஜிலிருந்து பழைய ஃபிரேம்வொர்க்குக்கான கோப்பு எடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். கட்டுமானம் வெற்றிபெற்றாலும் ஓடும்போது உடையக்கூடும்.

மரம் சீரானதும் 'ரீஸ்டோர்பேக்கேஜஸ்வித்லாக்ஃபைல்' பண்பை இயக்கி, தீர்மானித்த பதிப்புகளைப் பதிந்துவைக்கும் பூட்டுக் கோப்பை கிட் (Git) களஞ்சியத்தில் சேர்த்து, கட்டுமானச் சர்வரில் அந்தக் கோப்பை மாற்ற விடாத லாக்டு முறையில் ரீஸ்டோர் செய்யுங்கள். எந்த இலக்கின் சார்பு பூட்டுக் கோப்பிலிருந்து விலகினாலும் கட்டுமானம் அங்கேயே நின்றுவிடும்.