அவள்தான் கெடுத்தாளா? பழைய ஃபிலிம் நுவார் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

நுவார் என்பது 1940களில் ஹாலிவுட் எடுத்த இருண்ட குற்றக்கதைப் படங்கள். நான் முதன்முதலில் உட்கார்ந்து பார்த்த நுவார் படம் 'த பிக் ஸ்லீப்' (1946). பெயருக்கு ஏற்றபடி பாதியில் தூங்கிவிட்டேன். யார் யாரைச் சுட்டார்கள், எதற்குச் சுட்டார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. அதில் செத்துப்போகும் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று கேட்டபோது, மூலக்கதை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்கே பதில் தெரியவில்லையாம். இதைப் பிறகு படித்தபோதுதான் கொஞ்சம் ஆறுதல். படம் நல்ல படம்தான், ஆனால் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை.

அதனால் இந்த விளக்கம். நாலு படம், வாரத்துக்கு ஒன்று. கதை முடிவுகளையும் பேசப் போகிறேன், முன்பே சொல்லிவிட்டேன்.

பெயரைப் பற்றி இரண்டு வரி. 'நுவார்' என்றால் பிரெஞ்சில் கருப்பு. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து அவை மொத்தமாக வந்து இறங்கியபோது, இவற்றில் என்ன இப்படி ஓர் இருட்டு என்று 1946ல் நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் எழுதினார். அங்கிருந்துதான் பெயர் பரவியது. ஹாலிவுட்டில் இவற்றை எடுத்தவர்களுக்குத் தாங்கள் 'நுவார்' எடுக்கிறோம் என்று அப்போது தெரியாது.

இந்தப் படங்களில் வரும் 'ஃபெம் ஃபதால்', அதாவது ஆளை அழிக்கும் பெண், நம் சினிமா வில்லி மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வில்லி உள்ளே வந்தால் பின்னணி இசையே காட்டிக்கொடுத்துவிடும். இவளை ரசித்துக்கொண்டேதான் பயப்படுவோம். இன்னொரு விஷயம், இவளைப் பற்றி நமக்குச் சொல்வது பெரும்பாலும் அவளால் கெட்டுப்போனேன் என்று சொல்லும் ஆண். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வரப்போகிறது.

படி 1: அறையையும் டிவியையும் தயார் செய்யுங்கள்

டியூப்லைட்டை அணையுங்கள். இது பந்தாவுக்குச் சொல்வது இல்லை. இந்தப் படங்களில் திரையின் முக்கால் பாகம் இருட்டுதான், அறையில் வெளிச்சம் இருந்தால் அந்த இருட்டில் இருப்பது ஒன்றும் தெரியாது.

டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 1944ல் எடுத்த படம் மெகா சீரியல் மாதிரி வழுக்கும். படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பவும் வேண்டாம். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை இருந்தால்தான் சரியான அளவு. சப்டைட்டில் கட்டாயம், ஆட்கள் அவ்வளவு வேகமாகப் பேசுவார்கள். வண்ணம் பூசிய பிரதி கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 2: 'டபுள் இண்டெம்னிட்டி'யில் தொடங்குங்கள்

1944. இயக்கம் பில்லி வைல்டர். ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய கதையை அவரும் சாண்ட்லரும் திரைக்கதையாக்கினார்கள். கதை சிக்கலே இல்லை. வால்டர் நெஃப் (ஃபிரெட் மெக்மர்ரே) ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கார் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்காரர் இல்லை, அவர் மனைவி ஃபில்லிஸ் (பார்பரா ஸ்டான்விக்) இருக்கிறாள். புருஷனுக்கே தெரியாமல் அவர் பேரில் விபத்துப் பாலிசி எடுக்க முடியுமா என்று அவள் மெல்லப் பேச்சுக் கொடுக்கிறாள். மனிதர்கள் அபூர்வமாகச் சாகும் சில விதங்களுக்குப் பாலிசியில் இரட்டிப்புத் தொகை உண்டு, ரயிலிலிருந்து விழுந்து சாவது மாதிரி. ஐம்பதாயிரம் டாலர் ஒரு லட்சமாகும். படத்தின் பெயருக்கு அர்த்தம் அதுதான்.

முதல் தடவை எதையும் ஆராயாமல் கதையோடு போங்கள். இரண்டு இடங்களில் மட்டும் நிதானியுங்கள்.

ஒன்று, ஜன்னல் தட்டிகளின் நிழல். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அந்த வீட்டு வரவேற்பறையில் வெயிலைக் கோடு கோடாக விழவைத்திருப்பார். வெளியே கலிஃபோர்னியாவின் பளீர் வெயில், உள்ளே தூசி மிதக்கும் மங்கல். தூசி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உலோகத் துகளைக் காற்றில் ஊதினார்களாம். அந்தக் கோடுகள் நெஃபின் கோட்டின் மேல் விழும்போது சிறைக்கம்பி ஞாபகம் வந்தால் உங்களுக்குக் கண் பழகிவிட்டது. எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) பார்த்தவர்களுக்கு இந்த நிழல் விளையாட்டு புதிதாக இருக்காது.

இன்னொன்று, கொலை. மூன்று முறை ஹார்ன் அடிப்பது சைகை. ஃபில்லிஸ் காரை ஓட்டுகிறாள், பக்கத்தில் புருஷன், பின் சீட்டுக்கு அடியில் நெஃப். இருட்டுத் தெருவில் திரும்பி ஹார்ன் அடிக்கிறாள். உடனே கேமரா அவள் முகத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறது. பக்கத்தில் ஒரு மனிதன் சாகும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த முகத்தில் இருப்பது என்ன? நான் இதுவரை பார்த்த தடவைகளில் ஒரே பதில் எனக்கு இரண்டு தடவை வந்ததில்லை.

அப்புறம் அந்த விக். ஸ்டான்விக் தலையில் உள்ள வெள்ளைப் பொன்னிறச் சுருள் பார்த்தாலே போலி என்று தெரியும். ஸ்டான்விக்கைக் கேட்டால் ஜார்ஜ் வாஷிங்டன் (வெள்ளைச் சுருள்முடியோடு ஓவியங்களில் தெரியும் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி) வந்து நிற்கிறாரே என்று படத்தை எடுத்த பாராமவுண்ட் நிறுவன அதிகாரி ஒருவர் கிண்டல் செய்தாராம். என்னைக் கேட்டால் போலியாகத் தெரிவதுதான் அதன் வேலை. அது போலி என்று நமக்குத் தெரிகிறது, நெஃபுக்கு மட்டும் தெரியவில்லை.

படி 3: அடுத்த நாளே மறுபடி பாருங்கள், கையில் ஒரு நோட்டோடு

மொத்தக் கதையையும் நெஃப்தான் சொல்கிறான். ராத்திரி, ஆபீஸ், தோளில் குண்டடி. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் கீஸுக்காக (எட்வர்ட் ஜி. ராபின்சன்) குரல் பதிவு இயந்திரத்தில் வாக்குமூலம் கொடுக்கிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், இரண்டும் கிடைக்கவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான்.

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ஃபில்லிஸைப் பற்றி அவன் சொல்வது. வலப்பக்கம் உங்கள் கண்ணால் நீங்கள் பார்ப்பது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி நாலைந்து பேர் கூடிப் படம் பார்ப்போம். இந்தப் பயிற்சியை முதலில் செய்தபோது ஒரு நண்பருக்கு இடப்பக்கம் நிரம்பி வழிந்தது, வலப்பக்கம் ஏழெட்டு வரிதான். அவளாகக் கேட்டது பாலிசி. ராத்திரி அவன் வீட்டுக்கு வந்தது அவள். சரி. ஆனால் ரயில் யாருடைய யோசனை? இரட்டிப்புத் தொகை யாருடைய யோசனை? கால் உடைந்த புருஷன் மாதிரி ஊன்றுகோலோடு ரயிலேறி ஊரை ஏமாற்றும் திட்டம்? எல்லாம் நெஃபுடையது. சூதாட்டச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு, இதை நாமே ஏமாற்றினால் என்ன என்று தோன்றுமே, அந்த எண்ணம் தனக்கு நெடுநாளாகவே இருந்தது என்று அவனே சொல்கிறான். அவள் வந்து ஒரு கதவைத் தட்டினாள், உள்ளே ஆள் ஏற்கெனவே விழித்துத்தான் இருந்தான்.

ஃபில்லிஸ் உத்தமி என்று நான் சொல்ல வரவில்லை. புருஷனின் முதல் மனைவிக்கு நர்ஸாக வந்து அவளையும் தீர்த்தவள் என்று படம் தெளிவாகவே உணர்த்துகிறது. கெட்டவள் என்பது வேறு, இவன் கெட்டதற்கு அவள்தான் காரணம் என்பது வேறு. அவ்வளவுதான்.

படி 4: சென்சாரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது இல்லாமல் பாதிப் படம் புரியாது. 1934லிருந்து ஹாலிவுட்டில் 'தயாரிப்பு விதிகள்' கறாராக அமலுக்கு வந்தன. ஜோசஃப் பிரீன் என்பவரின் அலுவலகம் ஒவ்வொரு திரைக்கதையையும் அலசும். குற்றம் செய்தவர் தண்டனை பெற்றே ஆக வேண்டும். கள்ள உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது. கெய்னின் இந்தக் கதை 1935லேயே ஸ்டூடியோக்களைச் சுற்றி வந்தது, பிரீன் அலுவலகம் கூடாது என்றதால் கிடப்பில் கிடந்தது.

வைல்டர் என்ன செய்தார் என்று பாருங்கள். நெஃபின் வீட்டில் இருவரும் அணைத்துக்கொள்கிறார்கள். படம் அங்கிருந்து விலகி, ஆபீஸில் பேசிக்கொண்டிருக்கும் நெஃபுக்குப் போகிறது. திரும்பி வரும்போது அவன் சோபாவின் ஒரு மூலையில் சாய்ந்து சிகரெட் பிடிக்கிறான், அவள் இன்னொரு மூலையில் முகப்பூச்சைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்சார் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்த விதிகளால் இன்னொரு விளைவும் உண்டு. இந்தப் பெண்கள் கடைசியில் சாவார்கள் அல்லது சிறைக்குப் போவார்கள் என்பது முன்கூட்டியே நிச்சயம். ஆகவே முடிவை வைத்து அவளை எடைபோடாதீர்கள். அது பாதி பிரீனின் கையெழுத்து.

படி 5: மற்ற மூன்று படங்கள்

'அவுட் ஆஃப் த பாஸ்ட்' (1947). இயக்கம் ஜாக் டூர்னர். ராபர்ட் மிச்சமும் ஜேன் கிரீரும். காதலனைச் சுட்டுவிட்டு நாற்பதாயிரம் டாலரோடு ஓடிவிட்ட கேத்தியைத் தேடி ஒரு துப்பறிவாளன் மெக்சிகோவுக்குப் போகிறான். இருண்ட ஒரு காபிக் கடைக்குள் வெயிலிலிருந்து அவள் நடந்து வருவாள், அதோடு அவன் முடிந்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கதை சொல்லும் அவன் குரல் படத்தின் பாதிக்கு முன்பே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கேத்தியை நாம் நேராகப் பார்க்கிறோம். குரல் இருந்தபோது இருந்த கேத்தியும் நின்ற பிறகு வரும் கேத்தியும் ஒரே ஆளா? நோட்டில் எழுதுங்கள். மலைக்குடிசையில் இரண்டு ஆண்கள் புரண்டு சண்டை போடும்போது அவர்களின் நிழல் கேத்தியின் முகத்தில் ஆடுவதையும் தவறவிடாதீர்கள்.

'கில்டா' (1946). ரீட்டா ஹேவொர்த். இந்தப் பட்டியலில் இவளைச் சேர்ப்பதே அநியாயம் என்பது என் கட்சி. போஸ்டரில் சிகரெட்டோடு அவள் நிற்பதைப் பார்த்தால் ஆளை விழுங்குபவள் மாதிரி இருக்கும். படத்தில் கொடுமை செய்கிறவர்கள் ஆண்கள், அதிலும் கதை சொல்லும் ஜானி அவளைக் கல்யாணம் செய்வதே பழிவாங்கத்தான். கருப்பு சாட்டின் கவுனில் ஒரே ஒரு கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் ஆடும் பாட்டு எல்லோருக்கும் தெரியும், அதன் வரிகளைத்தான் யாரும் கேட்பதில்லை. 1871ல் சிகாகோ எரிந்ததா, 1906ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நிலம் அதிர்ந்ததா, எல்லாப் பழியையும் மேம் என்ற ஒருத்தி தலையில் போடு என்கிறது பாட்டு. தன்னைப் பற்றிச் சொல்லப்படும் கதையைத் தானே கேலி செய்துகொண்டு ஆடுகிறாள். இந்தப் படத்தின் தயாரிப்பாளர் வர்ஜீனியா வான் அப் என்ற பெண் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

'டீட்டூர்' (1945), எட்கர் உல்மர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். பணமே இல்லாமல் எடுத்த படம், அது தெரியவும் தெரியும். ஆன் சாவேஜ் நடித்த வேரா மாதிரி சிடுசிடுப்பான பெண்ணை அந்தக் காலப் படங்களில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கதை சொல்பவன் ஆல் என்பவன். அவன் கையருகே இரண்டு பேர் சாகிறார்கள், இரண்டுமே விபத்து என்கிறான். ஒன்று என்றால் நம்பலாம். இடப்பக்கம் வலப்பக்கம் பிரிக்கும் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

படி 6: பேசுங்கள், ஆனால் எழுதிய பிறகு

தனியாகப் பார்ப்பதில் பாதி ருசிதான். நாலு பேர் சேருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம்: அவள் சரியான ஆள், அவள் மோசம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசக்கூடாது. எந்தக் காட்சி, எந்தப் பார்வை என்று காட்ட வேண்டும். இந்தச் சட்டம் இல்லாதபோது முதல் இரண்டு வாரமும் பேச்சு யார் அதிக அழகு என்பதிலேயே போய்விட்டது.

முதல் கூட்டத்துக்கு 'டபுள் இண்டெம்னிட்டி'யின் கடைசிச் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு வரவேற்பறை. ஃபில்லிஸ் நெஃபைச் சுட்டுவிட்டாள், குண்டு தோளில். அவன் அவளை நோக்கி நடக்கிறான், இன்னொரு முறை சுடேன் என்கிறான். அவள் சுடவில்லை. உன்னை நான் நேசித்ததே இல்லை, யாரையுமே நேசித்ததில்லை, ஒரு நிமிடம் முன்பு வரை, அந்த இரண்டாவது குண்டைச் சுட முடியாமல் போனதே அதுவரை என்கிறாள். அவன் நம்பவில்லை. நம்பச் சொல்லவில்லை, சும்மா பிடித்துக்கொள் என்கிறாள்.

இங்கே நிறுத்துங்கள். ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, அவள் சொல்வது உண்மையா, இது கடைசித் தந்திரமா என்று எழுதச் சொல்லுங்கள். சீட்டை மடித்து ஒரு டம்ளரில் போட்டுவிட்டு மீதியை ஓட்டுங்கள். அவள் அவன் தோளில் சாய்ந்திருக்கும்போது துப்பாக்கி முனை படுகிறது, தலையைப் பின்னால் இழுத்து அவனைப் பார்க்கிறாள். இரண்டு குண்டு. அந்தப் பார்வைக்குப் பிறகு டம்ளரிலிருந்து தன் சீட்டை எடுத்து மாற்றி எழுத வேண்டும் என்று கேட்பவர் ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்.