கிரீன் ஓரத்தில் பந்தைத் தூக்காதீர்கள், உருட்டுங்கள்: சிப் ஷாட் பழகுவோருக்கு

கோல்ஃபில் குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடம்தான் கிரீன். பந்து அதற்கு வெளியே நாலைந்து எட்டு (காலடி) தள்ளிக் கிடக்கிறது. புதிதாக ஆட வந்தவர் பைக்குள் கைவிட்டால் வெளியே வருவது பெரும்பாலும் லாப் வெட்ஜ்தான்: முகம் 60 டிகிரி சாய்ந்து, பந்தை உயரத் தூக்கும் கிளப் (மட்டை). டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் பந்தை உயரத் தூக்கி, குழிப் பக்கத்தில் பொத்தென்று நிறுத்துவதைப் பார்த்து வந்த ஆசை. அந்த ஆசைக்கு நம்ம ஊர் தரையும் காற்றும் அவ்வளவாக ஒத்துழைக்காது. பங்குனி, சித்திரையில் தரை கட்டாந்தரையாகக் காய்ந்து கிடக்கும். அப்புறம் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி, பல்லடம் என்று ஒரு பக்கத்தையும் விடாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் 46 கிராம் எடையுள்ள பந்தை ஏன் மேலே அனுப்ப வேண்டும்?

கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குப் போகிறவர்களானாலும், வீட்டுப் புல்தரையில் பழகிக்கொண்டிருப்பவர்களானாலும் வழி ஒன்றுதான்: கொஞ்ச தூரம் பறக்கவிட்டு, மீதியை உருளவிடுவது. அதைத்தான் சிப் என்கிறோம். கீழே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர் கணக்கில். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பந்து கிடக்கும் இடத்தைப் பாருங்கள்

குழி எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பந்துக்கு அடியில் புல் இருக்கிறதா, வெறும் மண்ணா?

வெறும் மண், காய்ந்த தரை என்றால், மணல் பள்ளத்திலிருந்து அடிப்பதற்கான சாண்ட் வெட்ஜ் பக்கம் போகாதீர்கள். அதன் அடிப்பாகம் புடைத்து இருக்கும். பவுன்ஸ் என்பது அதுதான். மணலில் கிளப்பின் முகம் புதைந்துபோகாமல் வழுக்கிச் செல்லத்தான் அந்த அமைப்பு. இறுகிய தரையில் அதே புடைப்பு பட்டுத் தெறித்து, முகத்தின் கீழ் விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கும். இங்கே 8 அல்லது 9 அயர்ன் பாதுகாப்பு. அயர்ன் என்பது எண் போட்ட இரும்பு கிளப், எண் குறையக் குறைய முகத்தின் சாய்வும் குறையும். கிரீன் வரைக்கும் புல் மட்டமாக இருந்தால், கிரீன்மேல் பந்தை உருட்டும் கிளப்பான புட்டரே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐப்பசி மழையில் தரை இளகிக் கிடக்கும்போது கதை தலைகீழ். அப்போது பவுன்ஸ் உங்கள் கூட்டாளி. கூர்மையான விளிம்புதான் மண்ணில் குத்தி நிற்கும்.

வெயில் நாட்டு மைதானங்களில் நிறைய இடங்களில் பெர்முடா வகைப் புல்தான். நம்ம வரப்பில் படரும் அருகம்புல்லின் இனம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பந்திலிருந்து பார்க்கும்போது புல் பளபளத்தால் நீங்கள் அடிக்கும் திசையிலேயே சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிரே சாய்ந்திருக்கிறது. பந்தும் மெதுவாகப் போகும், கிளப்பின் விளிம்பும் மாட்டும்.

2. பந்து விழ வேண்டிய இடத்தைக் குறியுங்கள்

கிரீனுக்குள் ஒரு எட்டு தள்ளி, சமமான ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கேதான் பந்து முதலில் விழ வேண்டும். கிரீனுக்கு வெளியே விழுந்தால் எப்படித் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே விழுந்தால் ஓரளவு சொல்லலாம். அடிக்கும்போது கண் குழிமேல் இருந்தால் கை தானாகக் கூடுதலாக அடித்துவிடும். குறித்த இடத்தையே பாருங்கள்.

3. கிளப்பைக் கணக்குப் போட்டு எடுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அடியை மாற்றாமல் கிளப்பை மட்டும் மாற்றுவதுதான் சிப்பிங்கின் சூட்சுமம். பழைய ஆட்டக்காரர்களிடம் ‘12 கணக்கு’ என்று ஒன்று உண்டு. 12-இலிருந்து கிளப்பின் எண்ணைக் கழியுங்கள். வருகிற எண், பந்து பறந்த தூரத்தைப்போல் எத்தனை மடங்கு உருளும் என்பதைக் காட்டும். 9 அயர்னைவிடச் சாய்வு கூடிய பிட்சிங் வெட்ஜை 10 என்றும் சாண்ட் வெட்ஜை 11 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணம்: பந்திலிருந்து கிரீன் ஓரம் இரண்டு எட்டு. விழ வேண்டிய இடம் அதற்கு உள்ளே ஒரு எட்டு. ஆக, பறப்பது மூன்று எட்டு. அங்கிருந்து குழி ஒன்பது எட்டு என்றால், மூன்று மடங்கு உருள வேண்டும். 12-இல் 3 போக 9. எடுங்கள் 9 அயர்னை. குழி ஆறு எட்டில் இருந்தால் பிட்சிங் வெட்ஜ், பன்னிரண்டு எட்டில் இருந்தால் 8 அயர்ன், மூன்றே எட்டு என்றால் சாண்ட் வெட்ஜ்.

இது சமதளமான, நடுத்தர வேகமுள்ள கிரீனுக்கான கணக்கு. இறக்கமாக இருந்தால் ஒரு கிளப் சாய்வு கூடியதாக, அதாவது 9-க்குப் பதில் பிட்சிங் வெட்ஜ். ஏற்றமாகவோ புல் எதிர்ப்பக்கம் சாய்ந்தோ இருந்தால் 9-க்குப் பதில் 8. இன்னொன்று: இப்போது வரும் செட்டுகளில் லோஃப்டை, அதாவது முகத்தின் சாய்வை, குறைத்துவிடுகிறார்கள். பழைய செட்டில் 48 டிகிரி இருந்த பிட்சிங் வெட்ஜ், புது செட்டில் 44 டிகிரிகூட இருக்கும். அப்படியானால் அது கணக்குக்கு மேல் உருளும். உங்கள் செட்டின் லோஃப்ட் என்ன என்று ஒருமுறை தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே வெட்ஜை வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. தினமும் மைதானத்தில் கிடப்பவர்களுக்கு அது சரிப்படும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்குக் கணக்குதான் நல்லது.

4. நிற்கும் விதம்

கால்களை நெருக்கி வையுங்கள். இடையில் ஒரு சாண் போதும். உடல் எடையில் பாதிக்கு மேல் இடது காலில். அடித்து முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். பந்து நடுவிலோ, சற்று வலது கால் பக்கமாகவோ. கிரிப்பை (கைப்பிடியை) இரண்டு விரற்கடை இறக்கிப் பிடித்து, கைகள் பந்தைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கும்படி நில்லுங்கள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். அதிகமாக முன்னே தள்ளினால் விளிம்பு மண்ணில் குத்தும்.

5. அடி

புட்டரை ஆட்டுவதுபோலத் தோளால் ஆட்டுங்கள். மணிக்கட்டுக்கு இங்கே வேலை இல்லை. பால் ரன்யன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் குட்டையானவர், தூரமாக அடிக்கவும் வராது. அவர் 1938-இல், குழி குழியாக வெற்றியைக் கணக்கிட்ட பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், தன்னைவிட வெகுதூரம் அடித்த சாம் ஸ்னீடை எட்டுக் குழி முன்னிலையில், இன்னும் ஏழு குழிகள் மீதமிருக்கும்போதே முடித்துவிட்டார். கிரீன் ஓரத்தில் அவர் நம்பியது இந்தப் புட்டர் மாதிரியான அடியைத்தான்.

பந்தைத் தாண்டியதும் புல்லை லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், சீமாற்றால் வாசல் பெருக்குவதுபோல. தூரத்தைப் பின்னால் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதால் கூட்டிக் குறையுங்கள். நிறைய எடுத்துவிட்டு, பந்துக்குப் பக்கத்தில் வந்து பயந்து வேகத்தைக் குறைத்தால் மண்ணைத்தான் அடிப்பீர்கள்.

புதியவர்களின் தலையாய கோளாறு, பந்தை மேலே கிளப்பிவிட வேண்டும் என்று வலது கையால் அள்ளுவது. பை தூக்கி வருகிற கேடி அண்ணன்கள் “ஏனுங் சார் அள்ளறீங்க, சும்மா உருட்டி உடுங், அதே போயிருமுங்” என்று சொல்வார்கள். பாடம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. தூக்கும் வேலையைக் கிளப்பின் சாய்வு பார்த்துக்கொள்ளும். அடித்து முடித்ததும் இடது மணிக்கட்டைப் பாருங்கள்: மடங்காமல் நேராக இருந்தால் சரி, மடங்கியிருந்தால் அள்ளியிருக்கிறீர்கள்.

6. வீட்டில் பழக

தோட்டத்து வீடு இருப்பவர்களுக்குக் கவலையில்லை. வாசல் புல்லில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் பந்து விழும்படி அடியுங்கள். ஒரே அடியை 8, 9, பிட்சிங் வெட்ஜ் மூன்றிலும் அடித்து, எது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன கணக்கு உங்கள் கைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அதில் தெரிந்துவிடும். சிமெண்ட் களத்தில் நேரடியாக அடித்துக் கிளப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தென்னைநார் மிதியடி போட்டுக்கொள்ளலாம். காங்கேயம் பக்கம் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) வைத்திருப்பவர்களுக்குக் கொழுக்கட்டைப் புல்லே நல்ல ரஃப், அதாவது மைதானத்து நெட்டைப் புல். கிளுவை வேலிக்குள் போன பந்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

7. விதி பற்றிக் கொஞ்சம்

கிரீனுக்கு வெளியே, ஓரப் புல்லில் சிதறிய மணலை உங்கள் வழியிலிருந்து தட்டிவிடக் கூடாது. கிரீன்மேல் கிடந்தால் தட்டலாம். கொடிக்கம்பை எடுக்க வேண்டியதில்லை. வேகமாக வரும் பந்தைச் சில சமயம் அதுவே நிறுத்தித் தரும்.

சிப் அடிக்கும்போது கிளப் இரண்டு முறை பட்டுவிட்டால்? 1985 யு.எஸ். ஓபன் கடைசி நாளில் தைவானின் டி.சி. சென்னுக்கு அப்படித்தான் நடந்தது. ஐந்தாவது குழியில் அபராதத்தோடு 8 அடிகள் எழுதினார். கையிலிருந்த நான்கு அடி முன்னிலை அங்கேயே கரைந்து, முடிவில் ஒரே அடியில் பட்டம் போனது. 2019 முதல் விதி மாறிவிட்டது. தெரியாமல் இரண்டு முறை பட்டாலும் ஒரு அடிதான், அபராதம் கிடையாது. கூட ஆடுகிறவர் பழைய விதியைச் சொல்லி ஒன்று கூட்டி எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.