தேங்காய் மக்ரூன்: ஊறினால்தான் உருண்டை நிற்கும்

நான் முதன்முதலில் சுட்ட தேங்காய் மக்ரூன்களை யாருக்கும் காட்டவில்லை. உருண்டை உருண்டையாக ஓவனுக்குள் போனவை, வெளியே வரும்போது வறட்டி தட்டினாற்போல் பரந்து கிடந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளைக்கரு வழிந்து, கருகி, பேப்பரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அளவில் தப்பில்லை, ஓவன் சூட்டிலும் தப்பில்லை. என் அவசரம்தான் தப்பு. கலவையைக் கிளறிய கையோடு ட்ரேயில் வைத்துவிட்டேன்.

உலர்ந்த தேங்காய்த் துருவல் ஈரத்தைக் குடிக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டால் இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மைதா வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டாம். கேக் பொங்குமா பொங்காதா என்று ஓவன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையும் கிடையாது.

மக்ரூன் என்றதும் சிலருக்கு, இரண்டு வண்ண வில்லைகளுக்கு நடுவே க்ரீம் வைத்த பிரெஞ்சு மக்கரோன் ஞாபகத்துக்கு வரும். பெயர் இரண்டுக்கும் ஒரே வேர்தான். ஆனால் அது பாதாம் மாவில் செய்வது, முதல் தடவையிலேயே சரியாக வந்தால் அதிர்ஷ்டம். நாம் செய்யப்போவது அதைவிடப் பல மடங்கு சுலபம்.

தேங்காய் மக்ரூனையே இரண்டு விதமாகச் செய்கிறார்கள். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து அதில் தேங்காயைச் சேர்ப்பது ஒன்று. அப்படிச் செய்தால் லேசாக, வாயில் வைத்ததும் உதிர்வதாக இருக்கும். வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடிக்காமல் இளஞ்சூட்டில் கரைத்துத் தேங்காயைப் போடுவது இன்னொன்று. இதில் மேல்பக்கம் மொறுமொறுவென்றும், உள்ளே மெத்தென்று ஈரமாகவும் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். பீட்டர் தேவையில்லை, நுரை அடங்கிவிடுமோ என்ற பதற்றமும் இல்லை. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. நுரை அடிக்கும்போதுதான் அந்தக் கொழுப்பு காரியத்தைக் கெடுக்கும், இங்கே நாம் நுரையே அடிக்கப்போவதில்லை.

என்னென்ன வேண்டும்

சுமார் 20 மக்ரூன்களுக்கு இந்த அளவு:

வெள்ளைக்கரு – 3 பெரிய முட்டையிலிருந்து (சுமார் 100 கிராம்)
சர்க்கரை – 150 கிராம்
இனிப்பு சேர்க்காத உலர் தேங்காய்த் துருவல் – 180 கிராம்
உப்பு – இரண்டு சிட்டிகை
வெனிலா எசென்ஸ் – 1 டீஸ்பூன்

முடிந்தால் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவலைக் கப்பில் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வரும். மாவு போன்ற மெல்லிய துருவல் ஒரு கப்பில் அடைத்துக்கொண்டு உட்காரும், நீள இழைகளாக இருப்பது அவ்வளவு உட்காராது. முட்டையும் அப்படித்தான், சின்னது பெரியது என்று மாறும். அதனால் மூன்று முட்டை என்பதைவிட 100 கிராம் வெள்ளைக்கரு என்பதே நம்பகமான அளவு.

தேங்காய்த் துருவலை வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை சேர்த்தது கிடைத்தால் அதுவும் ஆகும், ஆனால் நாம் சேர்க்கும் சர்க்கரையைப் பாதியாவது குறைக்க வேண்டும். எந்தத் துருவலானாலும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை லேசாக இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். உலர் துருவலில் பாதிக்கு மேல் கொழுப்பு. பழைய துருவலின் வாடை சுடச்சுட இன்னும் எடுத்துக் கொடுக்கும், வெனிலாவால் அதை மறைக்க முடியாது.

பச்சைத் தேங்காய்தான் இருக்கிறதா? செய்யலாம், கொஞ்சம் வேலை கூடும். பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். உலர் துருவலில் அது நூற்றுக்கு மூன்று பங்குதான் இருக்கும். ஆகவே பழுப்புத் தோல் படாமல் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி, 100 டிகிரி ஓவனில் பரப்பி, இடையிடையே கிளறிவிட்டு, தொட்டால் ஈரம் தெரியாத வரை உலர்த்துங்கள். அடிகனமான வாணலியில், மிகச் சிறு தீயில், நிறம் மாறாமல் வறட்டினாலும் சரி. உலர்த்திய பிறகுதான் 180 கிராமை நிறுக்க வேண்டும். உலர்த்துவதற்கு முன் நிறுத்தால் கணக்கு மொத்தமும் போச்சு.

முதல் வேலை: சர்க்கரையைக் கரைப்பது

ஒரு பாத்திரத்தில் இரண்டு அங்குலத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். அதன் வாயில் சரியாக உட்காரும் இன்னொரு பாத்திரத்தில் வெள்ளைக்கரு, சர்க்கரை, உப்பு மூன்றையும் போடுங்கள். தண்ணீர் லேசாகக் கொதித்தால் போதும். மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டினாலே கெட்டிப்பட ஆரம்பிக்கும். சர்க்கரை கூட இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அசந்தால் பாத்திரத்தின் அடியில் வெந்த முட்டைத் திப்பிகள்தான் மிஞ்சும்.

ஆவியில் வைத்ததும் விஸ்க்கால் நிறுத்தாமல் கிளறுங்கள். அடிக்க வேண்டாம், கிளறினால் போதும். முதலில் கலவை கொழகொழவென்று, விஸ்க்கைத் தூக்கினால் நூலாக இழுக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் அந்தக் கொழகொழப்பு போய்த் தண்ணீராக இளகும். நிறமும் கலங்கல் வெள்ளையாக மாறும். இப்போது ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை. வழவழவென்று, குளிக்கும் வெந்நீர்ச் சூட்டில் இருந்தால் பதம் வந்துவிட்டது. இறக்கிவிடுங்கள்.

இந்தச் சர்க்கரை அளவு அதிகமாக இருக்கிறதே, பாதி போட்டால் என்ன என்று கேட்காதவர்களே இல்லை. 120 கிராம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே நான் போகமாட்டேன். இனிப்பைத் தவிர இன்னொரு வேலையும் சர்க்கரைக்கு இருக்கிறது. ஓவன் சூட்டில் ஈரம் முழுதும் ஓடிவிடாமல் பிடித்துவைப்பது அதுதான். குறைத்தால் மெத்தென்ற நடுப்பகுதி கிடைக்காது. சக்கையை மெல்வதுபோல் இருக்கும்.

இரண்டாவது: தேங்காயைப் போட்டுக் காத்திருப்பது

இறக்கிய கையோடு வெனிலாவை ஊற்றி, தேங்காய்த் துருவல் முழுவதையும் கொட்டிக் கரண்டியால் புரட்டுங்கள். அடியில் காய்ந்த துருவல் தங்கிவிடும், வழித்து வழித்துப் புரட்ட வேண்டும். எல்லா இழையும் பளபளவென்று நனைந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பார்த்தால் கலவை கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும். கரண்டியைச் சாய்த்தால் ஓரத்தில் திரவம் கசியும். பயந்துபோய் இன்னும் ஒரு கைப்பிடி தேங்காய் போடத் தோன்றும். போடாதீர்கள். மூடி வைத்துவிட்டு 30 நிமிடம் வேறு வேலை பாருங்கள். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதைத் துருவல் மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடான கலவையில் இது இன்னும் வேகமாக நடக்கும், முதலில் சூடாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அதே கலவையா என்று இருக்கும். கசிந்த திரவம் காணாமல் போயிருக்கும், துருவல் உப்பிக் கனத்திருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்ட வேண்டும், ஆனால் சொட்டக்கூடாது. இன்னும் சொட்டினால் பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். அப்போதும் சொட்டினால்தான் இரண்டு ஸ்பூன் தேங்காய். மாறாக, பிடித்தால் உதிர்கிறது என்றால் ஒரு ஸ்பூன் வெள்ளைக்கரு கலந்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது: உருட்டுவதும் சுடுவதும்

கலவை ஊறிக்கொண்டிருக்கும்போதே ஓவனை 165 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கத் தொடங்கலாம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 150 போதும். ட்ரேயில் பேக்கிங் பேப்பர் கட்டாயம். எண்ணெய் தடவிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உருகிய சர்க்கரை ட்ரேயைப் பிடித்துக்கொண்டால் மக்ரூனின் அடி அங்கேயே தங்கிவிடும்.

ஒவ்வொன்றும் சுமார் 20 கிராம், ஒரு பெரிய எலுமிச்சையில் பாதி அளவு. சின்ன ஐஸ்கிரீம் ஸ்கூப் இருந்தால் அழகாக, ஒரே அளவாக வரும். இல்லையென்றால் கையை நனைத்துக்கொண்டு உருட்டுங்கள். இரண்டு மூன்று உருண்டைக்கு ஒருமுறை கையை மறுபடி நனைத்தால் ஒட்டாது. ரொம்ப அழுத்தி உருட்டினால் உள்ளே கல்லாகிவிடும், நிற்கும் அளவுக்குப் பிடித்தால் போதும். மேல்பக்கம் வழுவழுவென்று இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள்தான் முதலில் சிவந்து மொறுமொறுப்பாகும். எனக்கு மக்ரூனில் பிடித்ததே அந்தக் கருஞ்சிவப்பு நுனிகள்தான். இவை பெரிதாகப் பொங்குவதில்லை, ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டால் தாராளம்.

ட்ரேயை நடுத்தட்டில் வையுங்கள். 18 முதல் 22 நிமிடம் ஆகும். 15 நிமிடத்தில் ஒருமுறை ட்ரேயைத் திருப்பி வைத்தால், ஓவனின் ஒரு பக்கம் மட்டும் சூடு அதிகமாக இருந்தாலும் நிறம் சமமாக வரும். நேரத்தைவிட நிறத்தை நம்புங்கள். நுனிகள் நல்ல பழுப்பு, உடம்பு பொன்னிறம், அடிப்பக்கம் தேன் நிறம். இந்த மூன்றும் வந்தால் எடுத்துவிடலாம். ஒன்றை மெல்ல நகர்த்திப் பாருங்கள், பேப்பரை விட்டுத் தானாக நகர்ந்தால் அடி வெந்துவிட்டது.

உங்கள் ஓவனில் எப்போதுமே அடி சீக்கிரம் கருகுமா? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ட்ரே அடுக்கிச் சுடுங்கள். சின்ன ஓவன்களில் கீழ்க்கம்பி மிகவும் பக்கத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை அதிகம். சூட்டைக் குறைப்பதைவிட இது நல்ல வழி. குறைத்தால் நிறம் வருவதற்குள் உள்ளே காய்ந்துவிடும்.

வெளியே எடுத்ததும் மக்ரூன் தொட்டால் அமுங்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். நான் தள்ளியிருக்கிறேன், ஆறியபின் பல்லுக்குச் சவால் விட்டது. ட்ரேயிலேயே பத்து நிமிடம் விட்டால் மேலோடு தானாக இறுகும். அப்புறம் கம்பித் தட்டுக்கு மாற்றி முழுக்க ஆறவிடுங்கள்.

எங்கே தப்பினது என்று பார்க்க

சுற்றிலும் பாவாடை விரித்தாற்போல் வெள்ளைக்கரு வழிந்து சுட்டிருந்தால் கலவை போதுமான அளவு ஊறவில்லை, அல்லது முட்டை பெரிது. வழிந்ததைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வெட்டிய துண்டுகள் சமைத்தவர் பங்கு. மேலே கருகி உள்ளே ஈரக்களியாக இருந்தால் ஓவன், முள் காட்டுவதைவிட அதிகச் சூட்டில் இருக்கிறது. ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் இதற்கு மட்டுமல்லாமல் எல்லாவற்றுக்கும் உதவும். கடித்ததும் தேங்காய் உதிர்ந்து கொட்டினால் துருவல் இழை மிக நீளம். அடுத்த முறை மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டுப் போடுங்கள், அதற்கு மேல் விட்டால் எண்ணெய் பிரியும்.

முட்டை வேண்டாம் என்பவர்கள் அதே 180 கிராம் தேங்காய்க்கு 180 கிராம் கண்டென்ஸ்டு மில்க் எடுத்து, உப்பு, வெனிலா சேர்த்துப் பிசைந்து உருட்டலாம். சர்க்கரை தனியாக வேண்டாம், ஆவியில் சூடாக்கும் வேலையும் இல்லை. பால் இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், 155 டிகிரிக்கு இறக்கிக்கொண்டு 13 நிமிடத்திலிருந்தே கண் வைத்திருங்கள். ருசி வேறு. கொஞ்சம் பால்கோவா சாயல் அடிக்கும்.

சாக்லேட் பிடித்தவர்கள் 100 கிராம் டார்க் சாக்லேட்டை அதே ஆவி முறையில் உருக்கி, முழுக்க ஆறிய மக்ரூனின் அடியை மட்டும் முக்கிப் பேப்பரில் வைத்தால் இறுகிவிடும். மில்க் சாக்லேட் இதற்கு ஏற்கெனவே இருக்கும் இனிப்போடு திகட்டும்.

காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேலோட்டுக்கு ஏறி, மறுநாளே மொறுமொறுப்பு தளர்ந்துவிடும். 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, ஆறவிட்டுச் சாப்பிடுங்கள், முதல் நாள் மாதிரியே இருக்கும். மிஞ்சிய மூன்று மஞ்சள் கருவை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு மேலே ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆடை கட்டாமல் இரண்டு நாள் தாங்கும்.